ஞாயிற்றுக்கிழமை நடுங்கும் கார்

மானமுள்ள மனிதன் வட்டகொடைக்குப் போகக்கூடாது. டீமேக்கர் கந்தப்பன் மாசி மாதத்தில் ஒருநாள் இப்படித் தீர்மானித்தார். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த தீர்மானம். வாய் நிறையப் பற்பொடி இருந்ததால் வெளியே சொல்லவில்லை. வாய் காலியாக இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். சமையற்கட்டில் நாகலெட்சுமி இருந்தாள்.

வட்டகொடையில் இருப்பது நாகலெட்சுமியின் அண்ணன் வீடு. அண்ணன் அழகுமுத்து அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தங்கமான மனிதர். வந்தவர்களுக்கு இலை கொள்ளாமல் சோறு போடுவார். கை கழுவிவிட்டு வந்ததும் பாட ஆரம்பித்துவிடுவார். அதுதான் சங்கடம். வருஷா வருஷம் மாசியில் நடக்கும் காமன் கூத்தில் அவர்தான் மன்மதன். கூத்து வருஷத்துக்கு ஒரு தடவை. ஒத்திகை வருஷம் பூராவும். மன்மதன் ஒண்டியாகப் பாடினால் எடுபடாது என்று, வந்த தங்கை புருஷனைப் பிடித்துத் தலையில் ஒரு சேலையை முக்காடு போட்டு எதிரே உட்கார வைத்துவிடுவார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் மாப்ள. சும்மா ரதியா உக்காந்திருங்க, போதும்."

கந்தப்பன் திம்புள்ளப் பக்கத்தில் ஒரு பெரிய தேயிலை இஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, டீமேக்கர். அவர் தொண்டையைச் செருமினால் இலை அரைக்கிறவன் முதுகு நிமிரும். அப்பேர்ப்பட்டவர் முக்காடு போட்டுக்கொண்டு பொழுது சாயும் வரை ரதியாக இருப்பார். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதன் எரியும்போது ரதி அழவேண்டும். அழாவிட்டால் மச்சான் மறுபடியும் முதலிலிருந்து எரிவார்.

இத்தனைக்கும் காரணம் அந்தக் கார்தான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்தபிறகு வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். அப்படி ஊருக்குப் போன சின்னத்துரை ஒருவர் விட்டுப்போன பழைய பச்சைக் காரைக் கந்தப்பன் வாங்கிவிட்டார். தோட்டத்து உத்தியோகத்தர்களில் அவருக்கு மட்டும்தான் கார். முதல் வாரம் தலைகால் புரியவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமி பூ வைத்துக்கொண்டு முன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் வட்டகொடை.

தீர்மானம் எடுத்தாயிற்று. வழி? அதற்குத் தெய்வமே துணை செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பனி மூடியிருந்த நேரத்தில் காரைக் கிளப்பினால் அது குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கிற்று. இருமிற்று. குலுங்கிற்று. மிதியிலிருந்து காலை எடுத்தால் அணைந்துபோயிற்று. பயணம் நின்றது. மத்தியானம் கந்தப்பன் மூடியைத் திறந்து பார்த்தார். விரல் பருமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இஞ்சினிலிருந்து கழன்று கிடந்தது.

அந்தக் காரில் கண்ணாடி துடைக்கிற கட்டைக்குத் தனியாக மின்சாரம் கிடையாது. இஞ்சின் காற்றை உறிஞ்சுகிற வேகத்தில்தான் அது ஆடும். அதற்காக இஞ்சினிலிருந்து உள்ளே போகிற குழாய்தான் இது. கழன்றால் இஞ்சின் அந்த ஓட்டை வழியே வேண்டாத காற்றையும் இழுத்துக்கொண்டு மூச்சு முட்டும். காலைக் குளிரில் அது தாங்காது. சூடேறிவிட்டால் ஒருமாதிரி சமாளித்துக்கொள்ளும். கந்தப்பன் குழாயைச் சொருகினார், கார் பூனைக்குட்டி மாதிரி ஓடிற்று. கழற்றினார், நடுங்கிற்று. மறுபடி சொருகினார். அவருக்கு இஞ்சின் சாத்திரத்தில் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். ஆனால் ஒரு குடும்பஸ்தனுக்கு இது போதாதா?

அன்றைக்குப் பிறகு ஞாயிறு விடியலில் எழுந்து குழாயைக் கழற்றுவார். நாகலெட்சுமி பூவோடு வந்து நிற்கும்போது காரைக் கிளப்பி நடுங்கவிடுவார். சூடேறி நிதானப்படுவதற்குள் அணைத்துவிடுவார். மத்தியானம் யாரும் பார்க்காத நேரத்தில் குழாயைத் திரும்பச் சொருகிவிடுவார்.

"கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பாருங்களேன்" என்பாள் அவள்.

"என்னா பேசுற? நடுங்குற இஞ்சின ஓட விட்டா ஒடஞ்சு போகும்."

"அப்ப பஸ்ஸுல போயிருவோம்."

"காரு வச்சிருக்க வீட்டு ஆளு பஸ்ஸுல போனா பாக்குறவங்க என்னா சொல்லுவாங்க? என் மரியாதை என்னா ஆகுறது?"

"கெழமை நாள்ல நல்லாத்தானே ஓடுது?"

"ஞாயித்துக்கெழம குளிர் ஜாஸ்தி."

இதைச் சொன்னபோது கந்தப்பனுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. நாகலெட்சுமி "அப்படீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டாள். இருபது வார்த்தை பேசக்கூடிய இடத்தில் ஒரு வார்த்தை பேசும் மனைவியைக் கண்டு புருஷன் உஷாராக வேண்டும். கந்தப்பன் உஷாராகவில்லை. போய்ப் படுத்துத் தூங்கினார்.

இதற்கிடையில் வட்டகொடையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்த அழகுமுத்துவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சித்திரை வருஷப் பிறப்பன்று உச்சிப்பொழுதுக்குள் பேர் வைப்பதாக ஆள் சொல்லி அனுப்பினார். குழந்தையின் காதில் பேரை முதலில் சொல்கிற உரிமை அத்தைக்கு. அத்தை என்றால் நாகலெட்சுமி ஒருத்திதான். செய்தி வந்த அன்று அவள் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

கந்தப்பனுக்கோ அன்றைக்குத்தான் நுவரெலியாவில் குதிரைப் பந்தயம். அடுத்த வீட்டு டிஸ்பென்சர் நடராசாவைக் காரில் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பந்தயத் திடல் வாசலில் சொந்தக் காரில் போய் இறங்கவேண்டும், இறங்கிக் கதவை ஒரு தட்டுத் தட்டிச் சாத்தவேண்டும் என்று அவருக்கு ஒரு நாள்பட்ட ஆசை. குதிரையைப் பார்ப்பதுகூட இரண்டாம் பட்சம்.

"அன்னிக்குக் காலம்பற நான் நுரலியாவுக்குப் போறேன்" என்றார் மனைவியிடம். "காரை மெக்கானிக்குகிட்ட காட்டணும். சரியானதும் வட்டகொடைக்குப் போவோம். புள்ள எங்க ஓடிறப் போகுது?"

"வருஷப் பொறப்பன்னிக்கு மெக்கானிக் கடை தொறந்திருக்குமாங்க?"

"அவன் வெள்ளைக்காரன். அவனுக்கு ஏது சித்திரை?"

"அப்படீங்களா?" என்றாள் நாகலெட்சுமி.

வருஷப் பிறப்பு விடிந்தது. எதிர்மலை தெரியாத அளவுக்குப் பனி. கந்தப்பன் குளித்து, கோட்டுப் போட்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். குழாய் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து சொருகியபடியே இருக்கிறது, கவலையில்லை. கிளப்பினார்.

கார் நடுங்கிற்று.

கந்தப்பன் திகைத்தார். மறந்துபோய்க் குழாயைக் கழற்றிவிட்டோமா? இறங்கி மூடியைத் திறந்தார். குழாய் இஞ்சினோடு சிக்கென்று இருந்தது. இழுத்துப் பார்த்தார், உறுதியாக இருந்தது. கழற்றினார். கார் நடுங்கிற்று. சொருகினார். அப்போதும் நடுங்கிற்று! சொருகினாலும் நடுக்கம், கழற்றினாலும் நடுக்கம். இந்தக் கார் ஞாயிறுதோறும் பொய்யாக நடுங்கி நடுங்கி, கடைசியில் அதற்குப் பழகிவிட்டதா? அப்படியும் ஒரு இஞ்சினுக்கு உண்டா?

"என்ன கந்தப்பர், இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்று கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நடராசா வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து மருந்தெல்லாம் அவர் கையில். "கார் என்ன, குலப்பன் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குது?"

"அதான் புரியல டிஸ்பென்சரையா."

இஸ்டோர் இஞ்சின் பார்க்கிற மூக்கனுக்கு ஆள் போயிற்று. அவன் புது வேட்டியும் எண்ணெய்த் தலையுமாக வந்து, காரை ஒருமுறை வலம் வந்து, வைத்தியன் மாதிரி விசாரிக்க ஆரம்பித்தான்.

"எப்பருந்துங்கையா இப்படி?"

"இன்னிக்குத்தான்."

வாசற்படியிலிருந்து நாகலெட்சுமியின் குரல் வந்தது. "என்னாங்க இது, மாசியிலேருந்து இருக்கே?"

"ஆமா, ஆமா. மாசியிலேருந்து."

"தெனமுங்களா?"

"ஞாயித்துக்கெழம மட்டும்."

மூக்கன் தலையைச் சொறிந்தான். "இன்னிக்குச் செவ்வாய்க்கெழமங்களே?"

"அதாம்ப்பா எனக்கும் வெளங்கல!" என்று கந்தப்பன் கத்தினார். அதில் பொய் இல்லை.

"உந்தக் காருக்குக் கிழமை தெரியுமோ?" என்றார் நடராசா. "அப்பிடியெண்டால் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து உதுக்கு முன்னால வையும்."

மூக்கன் சோக்கை இழுத்தான், தள்ளினான். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றான். ஒரு போத்தலில் பிடித்துப் பார்த்ததில் தண்ணீர் இல்லை. பிளக்கில் பனி இறங்கியிருக்கிறது என்றான். நாலு பிளக்கையும் கழற்றிச் சமையற்கட்டுக்குக் கொடுத்தனுப்பினான். நாகலெட்சுமி சற்றும் முகம் கோணாமல் அவற்றை வடைச் சட்டிக்குப் பக்கத்தில் அடுக்கிச் சூடுகாட்டிக் கொடுத்தாள். திரும்ப மாட்டியபோது கார் வடை வாசனையோடு நடுங்கிற்று.

கந்தப்பனுக்குத் தெரிந்த வைத்தியம் தேயிலை வைத்தியம் ஒன்றுதான். புகைக் குழாய்க்குப் பின்னால் குனிந்து மோந்து பார்த்தார். "வாட்டம் பத்தல" என்று, ஈரம் போகாத தேயிலையைச் சொல்வது மாதிரி சொல்லி, கொழுந்து பறிக்கிறவர்கள் போர்த்துகிற இரண்டு கம்பளியைக் கொண்டுவரச் செய்து காரின் மூக்கில் போர்த்தினார். அரைமணி நேரம் எல்லோரும் கம்பளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எடுத்துவிட்டுக் கிளப்பினால் கம்பளியும் நனைந்திருந்தது, காரும் நடுங்கிற்று.

"விலகும், நான் பாக்கிறன்." நடராசா வீட்டுக்குப் போய் நெஞ்சு பார்க்கிற குழலைக் கொண்டுவந்தார். காதில் மாட்டிக்கொண்டு, ஓடுகிற இஞ்சின்மேல் அங்கங்கே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கந்தப்பனுக்கு நெஞ்சு படபடத்தது. காரின் நெஞ்சைவிட அதிகமாக.

"பிடிச்சிட்டன்! இது இழுப்பு. எங்கையோ ஒரு பக்கத்தால வேற காத்து உள்ளுக்குப் போகுது. இந்த ரப்பர் குழாய்ப் பக்கத்தாலதான் சத்தம் கேக்குது. மூக்கன், உந்தக் குழாய் எங்க போகுதெண்டு பார்."

கந்தப்பன் குழாய்க்கும் மூக்கனுக்கும் நடுவில் வந்து நின்றார். குழாயைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எங்கே போய் முடியும்? வாசற்படியில் நாகலெட்சுமி அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்!

"அதெல்லாம் இல்ல! கொழாயைத் தொடாத மூக்கா! அது கண்ணாடி தொடைக்கிறதுக்கு உள்ளது. அதுக்கும் நடுக்கத்துக்கும் சம்பந்தமே இல்ல. எனக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?" என்றார் நடராசா.

"தெரியும்!"

மூக்கன் கையை எடுத்துக்கொண்டான். கந்தப்பன் யோசித்தார். சூடேறினால் கார் தானாக நிதானப்படும், ஞாயிறுகளில் அந்தப் பயத்தில்தானே அவசரமாக அணைத்தோம்? "அணைக்காத. அப்படியே ஓடட்டும். சூடேறுனா சரியாயிரும்."

"ஐயையோ!" என்று நாகலெட்சுமி படியிறங்கி ஓடிவந்தாள். "மூக்கண்ணே, அணைங்க, அணைங்க! நடுங்குற இஞ்சின ஓட விட்டா ஒடஞ்சு போகும்னு ஐயாதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. இல்லீங்களா?"

எல்லோரும் கந்தப்பனைப் பார்த்தார்கள். இல்லை என்றால் மாசியிலிருந்து சொன்னது பொய்யாகும்.

"ஆமா" என்றார் கந்தப்பன். தன் கையாலேயே அணைத்தார்.

"வருத்தப்படாதீங்க" என்றாள் அவள். "மெக்கானிக்குகிட்ட காட்டத்தானே போறீங்க? நடுங்குனாத்தானே அவருக்கும் வெளங்கும்?"

நுவரெலியா ஏற்றத்தில் கால் எடுத்தால் அணைந்துபோகிற காரில் ஏற நடராசாவுக்குப் பைத்தியமா? கீழே ரோட்டில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. "குதிரை எங்களுக்காண்டி நிக்காது கந்தப்பர். நான் பஸ்ஸில வெளிக்கிடுறன். நீரும் வாரும்."

கந்தப்பனுக்கும் சபலம் தட்டிற்று. காரில் போய் இறங்காவிட்டாலும் குதிரையையாவது பார்க்கலாமே. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி எடுத்து வைத்தார்.

"என்னாங்க" என்றாள் நாகலெட்சுமி மெல்லிய குரலில். "பஸ்ஸுலயா? காரு வச்சிருக்க வீட்டு ஆளு… பாக்குறவங்க என்னா சொல்லுவாங்க? உங்க மரியாதை?"

கந்தப்பன் வைத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நடராசாவின் மப்ளர் பனியில் மறைந்தது. மூக்கனும் "வாரேங்கையா, வருஷப் பொறப்பும் அதுவுமா" என்று நழுவினான். காரும் கந்தப்பனும் ஈரக் கம்பளியும் மிஞ்சினார்கள். அவர் அப்படியே காருக்குள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நாகரிகமான பொய் ஒன்று சொன்னதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று அவருக்குக் கண் கலங்கியது.

மறுபக்கக் கதவு திறந்தது. நாகலெட்சுமி பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு, கையில் ஒரு மூட்டையோடு ஏறி உட்கார்ந்தாள். எப்போது உடுத்தினாள்? பிளக்கைச் சூடுகாட்டிக்கொண்டே உடுத்தினாளா?

"ஒருதரம் போட்டுப் பாருங்க" என்றாள்.

"எதுக்கு? நடுங்கும்."

"நடுங்குனா நடுங்கட்டும்."

போட்டார். நடுங்கிற்று. நாகலெட்சுமி குனிந்து காலடியில் எதையோ தேடினாள். டாஷ்போர்டுக்கு அடியில் வளையல் சத்தம் கேட்டது. கார் ஒரு தடவை தும்மியது. பிறகு பூனைக்குட்டியானது.

கந்தப்பன் அவள் பக்கம் குனிந்து பார்த்தார். "நீ… என்னா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலீங்க. கறுப்பா ஒரு ரப்பர் கொழாயி இங்க கீழ தொங்கிக்கிட்டு இருந்துச்சு. வெடிகாலையில கண்ணாடி தொடைக்க வந்தேனா, அப்பவே கழண்டு கெடந்துச்சு." அவள் கழன்று என்று சொன்னாளே தவிர, யார் கழற்றியது என்று சொல்லவில்லை. "இப்ப மேல சொருகுனேன். அது எதுக்குங்க இருக்குது?"

குழாய்க்கு இஞ்சின் பக்கம் ஒரு முனை இருந்தால், கண்ணாடி துடைக்கும் கட்டைப் பக்கம் ஒரு முனை இருக்கத்தானே வேண்டும்? கந்தப்பனுக்கு அது மாசியிலிருந்து ஒருநாள்கூடத் தோன்றவில்லை. அவர் ஒரு முனையையே காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏறெடுத்துப் பார்த்தார். நாகலெட்சுமியின் முகம் பச்சைக் குழந்தையின் முகம் மாதிரி இருந்தது. பதில் சொன்னால் குழாயைப் பற்றித் தமக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

"தெரியல" என்றார் கந்தப்பன்.

"எனக்கும் தெரியல. ஞாயித்துக்கெழம நீங்க காரைப் போடுறப்ப இந்தக் கண்ணாடித் தொடைப்பான் ஆடவே ஆடாது. கெழமை நாள்ல ஆடும். ஏன்னு நானும் ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தேன். சரி விடுங்க, இஞ்சின் சமாச்சாரம் பொம்பளைக்கு என்னா தெரியும்? வண்டிய எடுங்க, உச்சிக்குள்ள போவணும்."

வழியெல்லாம் பனி. கண்ணாடித் துடைப்பான் டக் டக்கென்று ஆடிக்கொண்டே வந்தது. கந்தப்பன் ரோட்டையே பார்த்து ஓட்டினார். நாகலெட்சுமிதான் ஒரு வளைவில் வெளியே பார்த்தபடி சொன்னாள்: "பேரு வச்சதுக்கப்புறம் போயிருந்தா, புள்ள காதுல என் வாயால மொதல்ல பேரைச் சொல்லியிருக்கவே முடியாதுங்க."

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். மடியில் போட்ட குழந்தையின் காதருகே வெற்றிலையை வைத்துக்கொண்டு நாகலெட்சுமி குனிந்து, "வீரம்மா, வீரம்மா, வீரம்மா" என்றாள். செத்துப்போன அவள் அம்மாவின் பேர். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள். அழகுமுத்துவும் மன்மதன் மாதிரி இல்லாமல் மனிதன் மாதிரி அழுதார். கந்தப்பனுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஒரு ரப்பர் குழாயை வைத்துக்கொண்டு இதையா தடுக்கப் பார்த்தோம் என்று தம்மைத் தாமே நொந்துகொண்டார். மூக்கைச் சிந்தி அந்த வெட்கத்தை மறைத்தார்.

சாப்பாடு முடிந்தது. கை கழுவிவிட்டு வந்த அழகுமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் கை போட்டார்.

"காருக்கு என்னமோ குளிர் நடுக்கம்னு சொன்னாங்களே மாப்ள? எந்த மெக்கானிக்காலயும் கண்டுபுடிக்க முடியலயாமே? இப்ப சொகமாயிருச்சா? அடுத்த ஞாயித்துக்கெழம வந்துருவீங்கள்ல?"

கந்தப்பன் இருமினார். பதிலைத் தேடினார். இஞ்சின், காற்று, குளிர், ஏற்றம் என்று எதை எடுத்தாலும் கையில் ஒரு குழாய்தான் அகப்பட்டது.

நாகலெட்சுமி குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"இனிமே ஞாயித்துக்கெழம நடுங்காதுண்ணே. நடுங்குனா, மத்த ஆறு நாளும் சேத்து நடுங்கும்."